வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு 2 நாள் பயிற்சி: எதைச் சொல்லிக்கொடுக்கலாம், எதை விடலாம்?

எல்லைக்கல் | கொழிஞ்சாம்பாறை

வணக்கங்க. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் சுத்துவட்டாரத்துல இருந்து வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பற 24 பேருக்கு ரெண்டு நாள் பயிற்சி போடப் போறோம். 13 பேர் வளைகுடா, கட்டட சைட்டும் கிடங்கும். 5 பேர் ஜப்பான் தொழிற்சாலை. 6 பேர் ஜெர்மனி போற நர்சுங்க. வீட்டுல எல்லாரும் தமிழ், பள்ளிக்கூடத்துல பாதிப்பேர் மலையாளம் படிச்சவங்க.

வெளியுறவு அமைச்சகம் நடத்தற 8 மணி நேர ஒருநாள் பயிற்சியில கடவுச்சீட்டு, ஒப்பந்தம், காப்பீடு எல்லாம் சொல்லிடறாங்க. கேரள அரசோட நோர்க்கா ரூட்ஸ் நடத்தற வகுப்பும் இருக்கு. அதையே நாம திரும்ப ஓத வேண்டாம். அந்த ஊர் ஆளுங்ககூட வேலை செய்யறது எப்படிங்கறது மட்டும்தான் நம்ம பங்கு. ஒரு பேச்சாளர் 70 ஸ்லைடு அனுப்பியிருக்கார். பாதி ஸ்லைடுல ஒட்டகப் படம். வேற எப்படிச் செய்யலாம், சொல்லுங்க.

சைட்_ஆபீஸ் | வாளையார்

முதலில் ஒட்டகத்தை அவிழ்த்து விடுங்கள்.

வளைகுடா போகும் கட்டடத் தொழிலாளி அரபியரோடு நேருக்கு நேர் பேசுவது அபூர்வம். நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்பவர் நேபாளி, பாகிஸ்தானி, வங்கதேசத்தவர், ஃபிலிப்பினோ, எகிப்தியர். சைட்டில் ஓடுவது இந்தி, உருது, அரபி மூன்றும் கலந்த ஒரு பேச்சு. யல்லா (கிளம்பு), ஷுவய்யா (கொஞ்சம், மெதுவாக), ஹலாஸ் (முடிந்தது), மாஃபி (இல்லை), சீதா (நேராக), முதீர் (மேலாளர்), பத்தாக்கா (அடையாள அட்டை), சவுதி என்றால் இக்காமா. இப்படி 40 சொல் போதும். காலையில் 20, மதியம் 20, மறுநாள் காலையில் சோதனை. எழுதிக்கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள், காதில் விழுந்து வாயில் வர வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் ஆட்களின் 'சரி'. ஃபோர்மேன் ஒன்றைச் சொன்னதும் தலை இடமும் வலமும் ஆடும், வாய் 'ஓகே சார்' என்கும். நம் ஊரில் அந்த ஆட்டத்துக்கு 'காதில் விழுந்தது', 'பார்க்கலாம்', 'புரியவில்லை, ஆனால் உங்களிடம் கேட்கக் கூச்சம்' என்று மூன்று பொருளும் உண்டு. எதிரே நிற்கும் எகிப்திய இன்ஜினியர் அதை 'முடியாது' என்று எடுத்துக்கொள்வார், ஃபிலிப்பினோ சூப்பர்வைசர் 'முடித்துவிடுவான்' என்று எடுத்துக்கொள்வார். இரண்டுமே தப்பு. விளைவு மாலையில் தெரியும்: 12 மில்லிமீட்டர் கம்பி கட்ட வேண்டிய இடத்தில் 10 கட்டியிருக்கும்.

இதற்குப் பயிற்சி எளிது, ஆனால் அலுப்பானது. பயிற்றுநர் 'புரிந்ததா?' என்று கேட்கவே கூடாது. அந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் ஒரே பதில்தான் உண்டு. 'என்ன செய்யப் போகிறாய், சொல்' என்று கேட்க வேண்டும். கேட்டவர் நான்கையும் திருப்பிச் சொல்ல வேண்டும்: என்ன வேலை, எத்தனை, எங்கே, எத்தனை மணிக்குள். ஒன்று விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. ஆளுக்கு 6 உத்தரவு, ஒவ்வொன்றும் அரை நிமிடம். 13 பேருக்கு ஒரு மணி நேரம் வைத்தால் போதும். தலையை ஆட்டாமல் சொல்லப் பழக்குங்கள். முதல் பத்து நிமிடம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

நகரி_மொழிக்காரி | நகரி

'சரி' பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் உங்கள் ஆட்களிடம் ஒரு முதல் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு ஒரே சொல் அக்கரையில் வேறு பொருள் தரும் என்பது பிறவியிலேயே தெரியும். வகுப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.

பலகையில் 'அவசரம்' என்று எழுதுங்கள். தமிழில் விரைவு. மலையாளத்தில் வாய்ப்பு. தெலுங்கில் தேவை. ஒரே ஒலி, மூன்று மாநிலம், மூன்று பொருள். அடுத்தது 'வெள்ளம்': மலையாளத்தில் குடிக்கிற தண்ணீர், தமிழில் ஊரை அடித்துக்கொண்டு போவது. 'சம்சாரம்': தமிழில் மனைவி, மலையாளத்தில் பேச்சு. 'பட்டி': நமக்கு ஊர்ப் பெயரின் வால், அங்கே நாய். கொழிஞ்சாம்பாறை ஆட்களுக்கு இதில் ஒன்றும் புதிதில்லை. ஆனால் இதை அரை மணி நேரம் பேசிய பிறகு 'சொல்லுக்கே இப்படியென்றால் தலையாட்டுக்கு, சிரிப்புக்கு, மௌனத்துக்கு எப்படி?' என்று கேட்டால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஸ்லைடு தேவையில்லை.

கைச்சைகையும் அப்படித்தான். ஐந்து விரலையும் குவித்து மேல்நோக்கி ஆட்டினால் அரபு நாடுகளில் 'பொறு'. நம்மூரில் குவித்த விரல் வாய்ப்பக்கம் போனால் 'சாப்பிட்டாயா'. 'ச்சு' கொட்டுவது நமக்கு இரக்கம், லெபனான், சிரியா, ஜோர்டான்காரர்களுக்கு அது 'இல்லை'. அடிபட்டு நிற்கும் லெபனான்காரரைப் பார்த்து நம் ஆள் 'ச்சு ச்சு' என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

குழித்துறை_ஆறு | மார்த்தாண்டம்

எல்லாம் நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆனா சட்டம் மத்த வகுப்புல சொல்லிட்டாங்கன்னு முழுசா விட்டுராதிய. மாட்டுறது பெரிய குத்தத்துல இல்ல, நம்ம ஊர்ப் பழக்கத்துல. அதை எந்த வகுப்பும் சொல்லாது.

முதல்ல பெட்டி. கசகசா அமீரகத்துக்கும் சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு போகக்கூடாது, அங்க அது போதைப்பொருள் கணக்குல வரும். தனிப் பொட்டலமா யாரும் வைக்க மாட்டாங்க. வீட்டுல அரைச்ச குருமாப் பொடியில இருக்கும், பையனுக்கே தெரியாது. அதனால பொடி அரைக்கிற அம்மாகிட்ட சொல்லணும், பையன்கிட்ட இல்ல. வெத்தலை பாக்கு அமீரகத்துல ஆகாது. மருந்துல டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, பிரிகாபலின் மூணுக்கும் கட்டுப்பாடு. முதுகுவலிக்கும் நரம்புவலிக்கும் நம்ம பக்கம் எழுதிக்கொடுக்கிற சீட்டுல இதெல்லாம் சாதாரணமா இருக்கும். பயிற்சியில ஒவ்வொருத்தரும் சாப்பிடுற மாத்திரை அட்டையைக் கொண்டு வரச் சொல்லி, கடைப் பேரை விட்டுட்டு உள்ள இருக்கிற மருந்துப் பேரைப் பாக்கணும். அமீரகத்துக்குன்னா முன்கூட்டியே இணையத்துல அரசு அனுமதி வாங்கலாம். மருந்துச்சீட்டை மூல உறையோட கையில வச்சிருக்கணும்.

ரெண்டாவது, கோயில் கொடை வரி. ஊர்த் திருவிழாவுக்கும் யாருக்காவது ஆபரேஷனுக்கும் வாட்சப் குழுவுல பணம் பிரிக்கிறது நமக்கு தர்மம். அமீரகத்துல உரிமம் உள்ள அமைப்பு மட்டுந்தான் நன்கொடை கேட்கலாம், தனி ஆள் கேட்டா குத்தம். அதே வாட்சப்புல ஒருத்தரைத் திட்டி குரல் பதிவு போட்டாலும் வழக்கு வரும். ஊர்ல சண்டை போடுற அதே வாய்தான அங்கயும் இருக்கும்.

ரமலான்ல பகல்ல வெளியில தண்ணி குடிக்கக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அமீரகத்துல அந்த மாசம் முஸ்லிம் இல்லாதவங்களுக்கும் தினசரி வேலை 2 மணி நேரம் குறையும். அதைக் கேட்டு வாங்கத் தெரியாது.

சைட்_ஆபீஸ் | வாளையார்

வெயில் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமீரகம்: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. சவுதி: அதே தேதிகள், 12 முதல் 3. கத்தார்: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15, காலை 10 முதல் 3.30. குவைத்: ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31, 11 முதல் 4. நாட்டுக்கு நாடு மாறுவதால் 'மச்சான் கத்தார்ல பத்து மணிக்கே நிறுத்திருவாங்களாம்' என்று அமீரக ஃபோர்மேனிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

எல்லைக்கல் | கொழிஞ்சாம்பாறை

சட்டத்தை முழுசா விடலீங்கண்ணா. கசகசாவுக்குத் தனியா ஒரு பக்கம் போட்டுடலாம், அம்மாங்க கையிலயே கொடுத்துடறோம். நர்சுங்களுக்கு என்னங்க சொல்றது? அவங்க ஜெர்மன் மொழி தேர்வுக்கே முழி பிதுங்கி நிக்கறாங்க, இதுக்கு நேரமில்லைன்னு சொல்றாங்க.

வார்டு_எண்_7 | பாலக்காடு

நேரமில்லை என்று சொல்லும் அந்த ஆறு பேருக்குத்தான் இது அதிகம் தேவை. ஜெர்மனியில் மொழிச் சான்றிதழ் வாசல் வரைக்கும்தான். உள்ளே போனதும் இடிக்கிற இடங்கள் வேறு.

பெரியது அடிப்படைப் பராமரிப்பு. நோயாளியைக் குளிப்பாட்டுவது, பல் துலக்கி விடுவது, சாப்பாடு ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது எல்லாம் அங்கே தகுதி பெற்ற நர்சின் வேலை. நம் மருத்துவமனையில் அதைச் செய்வது கூட இருக்கும் சொந்தக்காரர். நான்கு வருடம் பி.எஸ்ஸி படித்தவருக்கு முதல் வாரமே 'என்னை ஆயா ஆக்கிவிட்டார்கள்' என்று தோன்றும். அங்கே யாரும் அவரைக் கீழே தள்ளவில்லை. குளிப்பாட்டும்போதுதான் தோலின் நிறம், படுக்கைப்புண்ணின் தொடக்கம், மூச்சிரைப்பு எல்லாம் கண்ணில் படும் என்பது அவர்கள் கணக்கு. இதை விமானம் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த மனக்கசப்பிலேயே வேலையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது எண். ஜெர்மனியில் நாம் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி, காற்புள்ளி வைக்கும் இடத்தில் புள்ளி. 2,5 மில்லிகிராம் என்றால் இரண்டரை. 1.000 என்றால் ஆயிரம். மருந்து அட்டையில் இதைத் தப்பாகப் படித்தால் அளவு எங்கேயோ போய்விடும். கையெழுத்தில் அவர்கள் 1-க்கு மேலே நீளமாகக் கொக்கி போடுவார்கள், நம் கண்ணுக்கு 7 போலிருக்கும். அவர்களின் 7-க்கு இடுப்பில் ஒரு கோடு உண்டு. 30 மருந்து அட்டை எழுதி வைத்து வேகமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

மணி: 'ஹால்ப் ஃபியர்' என்றால் சொல்லுக்குச் சொல் 'அரை நான்கு'. நம் பழக்கத்தில் நாலரை என்று எடுப்போம். அது மூன்றரை. நான்காவது மணியில் பாதி ஆகியிருக்கிறது என்று பொருள். ஷிஃப்ட் மாற்றத்தில் ஒரு மணி நேரம் பிசகினால் மன்னிப்பு லேசில் கிடைக்காது.

உடம்பு சரியில்லை என்றால் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே வார்டுக்குத் தொலைபேசி போக வேண்டும். தோழியிடம் சொல்லியனுப்பினால் சொன்னதாகக் கணக்கில்லை. மூன்று நாளுக்கு மேல் போனால் மருத்துவச் சான்று, அது மின்னணு முறையில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விடுகிறது, 2023 ஜனவரியிலிருந்து வேலை தருபவர் அங்கிருந்தே அதை எடுத்துக்கொள்கிறார். 6 மணி நேரத்துக்கு மேல் வேலையென்றால் 30 நிமிட இடைவேளை சட்டப்படி கட்டாயம், 9 மணி நேரத்துக்கு மேல் 45. இடைவேளை எடுக்காமல் உழைப்பதை நம் ஊரில் மெச்சுவார்கள். அங்கே 'இவருக்கு வேலையைத் திட்டமிடத் தெரியவில்லை' என்பார்கள்.

நோயாளியை 'தாத்தா, பாட்டி' என்று அழைக்கும் வாஞ்சை அங்கே எடுபடாது. ஹெர் (திரு), ஃபிராவ் (திருமதி) போட்டுக் குடும்பப் பெயர், கூடவே 'சீ' என்ற மரியாதை வடிவம். 'டூ' என்பதை அவர்களாகச் சொன்ன பிறகுதான். நீ, நீங்கள் பேதம் தமிழிலும் இருப்பதால் இது எளிது, ஆங்கில வழியில் ஜெர்மன் படித்தவர்கள்தான் தடுமாறுவார்கள்.

நகரி_மொழிக்காரி | நகரி

குடும்பப் பெயர் என்றதும்: நம் இனிஷியலை மறக்காதீர்கள். கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறியிருக்கும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அதையே சொல்லிக் கூப்பிடுவார்கள். வார்டில் 'முருகேசன்' என்று யாராவது கூப்பிட்டால் அது தன்னைத்தான் என்று ஒரு பெண்ணுக்கு உறைக்க இரண்டு வாரம் ஆகும். அதுவரை 'கூப்பிட்டால் திரும்பமாட்டாள்' என்ற பெயர் வந்துவிடும். பயிற்சி இரண்டு நாளும் பெயர் அட்டையில் அப்பா பெயரைப் பெரிதாக எழுதி, அதையே சொல்லிக் கூப்பிடுங்கள். சிரித்துச் சிரித்துப் பழகிவிடும்.

இதோடு இன்னொன்று. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை 2022 நவம்பரிலிருந்து விசிட் விசாவில் அமீரகத்துக்கு ஏற்றுவதில்லை. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. உங்கள் 24 பேரின் கடவுச்சீட்டையும் முதல் நாள் காலையிலேயே புரட்டிப் பாருங்கள்.

காலைக்கடை | சித்தூர், பாலக்காடு

ஜப்பான் பக்கம் ஒண்ணு ரெண்டு சொல்றேனுங்க.

குனிஞ்சு வணங்கறது, செருப்பைக் கழட்டறது, கழிப்பறைக்குத் தனிச் செருப்பு, இதையெல்லாம் பத்து நிமிசத்துல முடிச்சுடுங்க. வாசல்ல செருப்பு விடற ஊருக்கு இது பாடமே இல்லை. கையை நீட்டி உள்ளங்கை கீழே பார்த்து ஆட்டிக் கூப்பிடறதும் நம்ம மாதிரியேதான்.

நேரம் ஒதுக்க வேண்டியது 'ஹோ-ரென்-சோ'வுக்கு. ஹோகொக்கு, ரென்ராக்கு, சோதான்: அறிக்கை சொல்றது, தகவல் தர்றது, கலந்து கேக்கறது. மூணு சொல்லோட தலையையும் சேர்த்தா ஹோரென்சோ, அது ஜப்பான்ல பசலைக்கீரைக்குப் பேரு. அதனால மறக்காது. நம்ம ஆளு ஒரு பிசகு நடந்தா தானே சரி பண்ணிட்டு, முடிஞ்சபிறகு சொல்லுவான். அது இங்க கெட்டிக்காரத்தனம். அங்க பிசகைவிட மறைச்சதுதான் பெரிய குத்தம். பயிற்சி இப்படி வைங்க: ஒரு பெட்டியில 50 திருகாணி எண்ணிப் போடச் சொல்லுங்க, ரெண்டைக் குறைச்சு வைங்க. குறைவு தெரிஞ்ச அந்த நொடியிலயே கையை நிறுத்தி, 'குறையுது'ன்னு மேலாளா நிக்கறவர்கிட்ட வந்து சொல்லணும். பக்கத்துப் பெட்டில இருந்து ரெண்டு எடுத்துப் போட்டா அவன் தோத்தான். பத்துல எட்டுப் பேரு எடுத்துத்தான் போடுவாங்க, பாருங்க.

அப்புறம் விரல் நீட்டிச் சொல்றது. ரயில் ஓட்டறவங்க சிக்னலை விரலால காட்டி வாய்விட்டுச் சொல்றாங்களே, அதேதான் தொழிற்சாலையிலும். வால்வைக் காட்டி 'மூடியிருக்கு, யோஷி (சரி)!' ஜப்பான் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-ல செஞ்ச சோதனையில 100 செயலுக்கு 2.38-ஆ இருந்த பிழை 0.38-ஆ குறைஞ்சுதாம். நம்ம பசங்க வெட்கத்துல வாய்க்குள்ள முணுமுணுப்பாங்க. கூடத்துக்கு வெளிய, ரோட்டைப் பாத்து நின்னு கத்த வைங்க.

'ஹாய்' (ஜப்பான் மொழியில 'ஆமா') பத்தி ஒரு எச்சரிக்கை. ஜப்பான்காரர் ஹாய்னு சொன்னா பல சமயம் 'கேட்டுக்கிட்டிருக்கேன்'னுதான் அர்த்தம், ஒத்துக்கிட்டார்னு இல்லை. நம்ம 'ம்' கொட்டற மாதிரி. லீவு கேட்டான், அவர் ஹாய் சொன்னார், இவன் டிக்கெட் போட்டுட்டான்னு ஆகக்கூடாது.

குப்பை: எரியறது, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில் டப்பான்னு பிரிச்சு, அதுக்குன்னு உள்ள கிழமையில, அதுக்குன்னு உள்ள இடத்துல வைக்கணும். நகராட்சிக்கு நகராட்சி விதி மாறும். அக்கம்பக்கத்துல கெட்ட பேரு முதல்ல குப்பைலதான் வரும்.

மேசை_விளக்கு | கோயமுத்தூர்

எல்லோரும் நுணுக்கம் நுணுக்கமாகச் சொல்கிறீர்கள். அடியில் ஒரு சட்டகம் இல்லாவிட்டால் இது வெறும் பட்டியலாகி, பட்டியலில் இல்லாதது நடக்கும்போது ஆள் திகைத்து நிற்பார். ஹாஃப்ஸ்டெட் என்ற ஆய்வாளர் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணக்கில் அதிகார இடைவெளிக்கு (மேலதிகாரியை எவ்வளவு உயரத்தில் வைக்கிறோம் என்பதற்கு) இந்தியா 77, ஜப்பான் 54, ஜெர்மனி 35. மேலதிகாரியிடம் 'இல்லை' சொல்லும் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இது நல்ல சாவி. எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளரின் பிரிப்பும் உதவும்: சொல்லாமலே சூழலிலிருந்து பொருளை எடுக்கும் சமூகம், சொன்னதை மட்டும் எடுக்கும் சமூகம். நம்முடையதும் ஜப்பானும் முதல் வகை, ஜெர்மனி இரண்டாவது. அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

சைட்_ஆபீஸ் | வாளையார்

ஐயா, அந்த 77 ஒரு நாட்டின் சராசரி. அதுவும் ஒரே நிறுவனத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுடையது. அதை வைத்துக்கொண்டு கம்பி கட்டும் தொழிலாளிக்கு எதிரே நிற்கும் ஒரு நேபாளியை எடை போட முடியாது. வகுப்பில் சொன்னால் மறுநாளே 'ஜெர்மன்காரன்னா இப்படித்தான்' ஆகிவிடும். நீங்கள் சொன்ன ஹாலே 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தூதர்களுக்குப் பாடம் எடுத்தபோது, தத்துவம் வேண்டாம், போகும் ஊரில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் என்றுதான் மாணவர்கள் கேட்டார்கள். அவர் நிற்கும் தூரம், காக்க வைக்கும் நேரம் என்று சின்ன விஷயங்களுக்கு இறங்கியது அதனால்தான்.

மேசை_விளக்கு | கோயமுத்தூர்

எண்ணை விட்டுவிடுவோம், ஒப்புக்கொள்கிறேன். பயிற்றுநர் தெரிந்து வைத்திருந்தால் போதும், பலகையில் எழுத வேண்டாம். ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: மனம் எப்போது தளரும் என்பது. லிஸ்கார்ட் 1955-ல் அமெரிக்கா போய் வந்த 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்தபோது, 6 மாதத்துக்குள் திரும்பியவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடையில் இருந்தவர்கள்தான் தள்ளாடினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் இந்த வளைவு பொருந்தவில்லை. ஆனாலும் தொடக்கத்தில் இருக்கும் உற்சாகத்தை நம்பி 'இவன் தேறிவிட்டான்' என்று விட்டுவிடக்கூடாது என்பதற்கு அது போதும். போன 2 வாரம், 6 வாரம், 3 மாதம், 9 மாதம் என்று நான்கு முறை தொலைபேசியில் அழைக்க ஒருவரை இப்போதே நியமியுங்கள். 'நல்லா இருக்கியா' என்று கேட்டால் 'இருக்கேன்' என்றுதான் வரும். 'நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட, யார்கூட சாப்பிட்ட, எத்தனை மணி நேரம் தூங்கின' என்று கேட்கச் சொல்லுங்கள். தனியாகச் சாப்பிடத் தொடங்கினால் அடுத்த வாரமும் அழைக்க வேண்டும்.

நகரி_மொழிக்காரி | நகரி

இந்த இழையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களைக் காணோம். உங்கள் 24 பேரில் இல்லை, சரி. ஆனால் எங்கள் ஆந்திராவின் சித்தூர், கடப்பா, ராஜம்பேட்டைப் பக்கமிருந்து குவைத்துக்குப் போகிறவர்களில் பெரும் பங்கு அவர்கள்தான். அவர்களுக்கு வேலையிடமே அடுத்தவர் வீடு. ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் வாசல் கிடையாது. அதனால் பாடமும் வேறு.

முதல் குழப்பம் 'மாமா'. குவைத் வீட்டில் 'மாமா' என்றால் வீட்டுக்கார அம்மா, 'பாபா' என்றால் ஐயா. தமிழ்ப் பெண்ணுக்கு வீட்டுக்கார அம்மாளை மாமா என்று கூப்பிட வாய் வராது, சிரிப்பும் வரும். சிரித்தால் கேலி என்று எடுத்துக்கொள்வார்கள். முப்பது முறை சொல்லிப் பழக்கிவிட்டால் சிரிப்பு போய்விடும்.

சட்டத்தில் நினைவில் வைக்க வேண்டியது: குவைத்தின் வீட்டுப் பணியாளர் சட்டம், 2015-ன் 68-ஆம் எண். நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, கடவுச்சீட்டை முதலாளி வைத்துக்கொள்ளக்கூடாது. 'சட்டம் 68' என்ற இரண்டு சொல்லை அரபியில் சொல்லத் தெரிந்தாலே பேச்சின் தொனி மாறும்.

பாத்திரம் கழுவும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம், ஆவி இஸ்திரி மூன்றையும் கண்ணால் பார்க்காமல் அனுப்பாதீர்கள். குளோராக்ஸ் என்ற வெளுக்கும் திரவத்தையும் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் ஆள் மயங்கி விழுவார். நம் ஊரில் ஒரே ஆசிட் பாட்டில், அங்கே அலமாரி நிறையக் குப்பிகள். சிட்டையில் எழுதியது அரபி. பாட்டிலின் நிறத்தையும் படத்தையும் வைத்து எது எதோடு சேராது என்று காட்ட வேண்டும்.

குழித்துறை_ஆறு | மார்த்தாண்டம்

அரபி எண்ணையும் சேருங்க அக்கா. அவங்க 5 நம்ம சுழியம் மாதிரி வட்டமா இருக்கும், சுழியம் வெறும் ஒரு புள்ளி, 6 நம்ம 7 மாதிரி இருக்கும். சம்பளச் சீட்டுலயும் மருந்து அட்டையிலயும் பஸ் நம்பர்லயும் இதுதான். ஒரு பழைய நாள்காட்டியை வச்சு அரை மணி நேரத்துல படிச்சிரலாம்.

வார்டு_எண்_7 | பாலக்காடு

இரண்டாம் நாள் மதியம் குடும்பத்தையும் அழைத்து உட்கார வையுங்கள். நேர வித்தியாசத்தைப் பலகையில் எழுதுங்கள்: அமீரகம், ஓமன் நம்மைவிட 1.30 மணி நேரம் பின்னால். சவுதி, கத்தார், குவைத் 2.30. ஜெர்மனி குளிர்காலத்தில் 4.30, கோடையில் 3.30. ஜப்பான் 3.30 மணி நேரம் முன்னால். இங்கே ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்து மகனைக் கூப்பிட்டால் ஜப்பானில் அவனுக்கு 11.30. காலை ஷிஃப்ட்காரன் தூக்கம் கெடும், இயந்திரத்தில் கை மாட்டும். 'எடுக்கவே மாட்டேங்கறான்' என்ற மனத்தாங்கலும் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் மூன்று நேரம் குறித்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். ஜெர்மனியில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், சத்தமாக வீடியோ அழைப்பில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

முதல் மாதச் சம்பளம் முழுதாக வராது என்பதையும் அதே உட்காரலில் சொல்லிவிடுங்கள். அதற்குள் நகைக் கடையில் சீட்டுச் சேர்ந்துவிடுகிறார்கள்.

எல்லைக்கல் | கொழிஞ்சாம்பாறை

நிறைய கிடைச்சுதுங்க. இப்போதைக்கு முதல் நாள் காலையில எல்லாருக்கும் பொதுவா ஒண்ணரை மணி நேரம்: அவசரம், வெள்ளம், தலையாட்டு, பேர் அட்டை. அதுக்கப்புறம் மூணு கூடமாப் பிரிச்சுடறோம். வேலந்தாவளம் பள்ளிக்கூடத்துல மூணு வகுப்பறை கேட்டிருக்கோம். பொதுவா இருக்கற நேரத்துல ஒரு விளையாட்டு வைக்கலாமான்னு யோசனை. சும்மா கைதட்டற விளையாட்டு இல்லாம, விசயத்தோட ஒட்டினதா ஏதாவது?

மேசை_விளக்கு | கோயமுத்தூர்

பார்ங்கா என்ற சீட்டு விளையாட்டு. உருவாக்கியவர் சென்னையில் பிறந்த சிவசைலம் தியாகராஜன். 1980-ல் லைபீரியாவில் வேலை பார்த்தபோது அங்குள்ள க்பார்ங்கா ஊரின் பெயரை வைத்தார். ஒவ்வொரு மேசைக்கும் சீட்டுக்கட்டிலிருந்து ஏஸ் முதல் 7 வரை 28 சீட்டு. விதி எழுதிய தாளை ஐந்து நிமிடம் படித்துப் பழகியதும் தாளைப் பிடுங்கிவிட வேண்டும், அதற்குப் பிறகு பேசக்கூடாது. ஒரு மேசையில் ஏஸ் பெரியது, இன்னொன்றில் சிறியது, ஒன்றில் துருப்பு உண்டு, ஒன்றில் இல்லை. ஆனால் எல்லா மேசைக்கும் ஒரே விதி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஜெயித்தவரும் தோற்றவரும் மேசை மாறியதும் அடிதடி தொடங்கும். 'எதிராளி ஏமாற்றுகிறான்' என்று ஒவ்வொருவரும் நினைக்கும் அந்த நிமிடம்தான் பாடம்.

காலைக்கடை | சித்தூர், பாலக்காடு

பள்ளிக்கூடத்துல சீட்டுக்கட்டா? தலைமை ஆசிரியர் மூணு வகுப்பறையையும் பூட்டிருவாருங்க.

நகரி_மொழிக்காரி | நகரி

தாயம் வையுங்கள். அதன் விதி இயல்பாகவே ஊருக்கு ஊர் மாறும், புதிதாகக் கற்பிக்கவும் வேண்டாம். 5-க்கு 5 கட்டம் சாக்பீஸில் போட்டுக்கொள்ளலாம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, இல்லாவிட்டால் ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிய புளியங்கொட்டை நான்கு. ஆறு வட்டம், வட்டத்துக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரே காய். நான்கு காய் கொடுத்தால் மதியம் வரை முடியாது. ஒரு வட்டத்தில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், அடுத்ததில் 5 விழுந்தாலும் இறங்கும். ஒன்றில் எதிராளியை வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம், இன்னொன்றில் வெட்டாமலே போகலாம். ஒன்றில் குறுக்குக் கோடு போட்ட கட்டத்தில் இருக்கும் காயை வெட்டக்கூடாது, இன்னொன்றில் வெட்டலாம். புளியங்கொட்டை என்றால் தாயம், 5 எவை என்று விதித்தாளிலேயே எழுதிவிடுங்கள்.

பழக 5 நிமிடம், ஆட 8 நிமிடம், மணி அடித்ததும் ஜெயிப்பவர் வலப்பக்க வட்டத்துக்கு. மூன்று சுற்று. வாய் திறக்கக்கூடாது. முன்கூட்டி 'விதி வேறுவேறு' என்று யாரும் கண்ணைக்கூடச் சிமிட்டக்கூடாது. முடிந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'என்ன கற்றீர்கள்' என்பதில்லை. 'யார் மேல் கோபம் வந்தது, எந்த நொடியில்?' அதற்கு 20 நிமிடம் விட்டுவிடுங்கள்.

சைட்_ஆபீஸ் | வாளையார்

விதித்தாளைத் திரும்ப வாங்கும்போது எண்ணி வாங்குங்கள், ஆறு கொடுத்தால் ஆறு. ஒன்று யாராவது சட்டைப்பையில் போய்விட்டால் இரண்டாவது சுற்றிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.